இரண்டு மணி அடித்தால் பொறு

தெய்ஞ்சீ சந்தைக்குப் பின்னால் அந்தக் கடை.
சிவப்பும் மஞ்சளுமாய் ஜெனரேட்டர்கள்
பந்திக்கு இலை விழக் காத்திருப்பவர்கள் போல
வரிசையாய்க் குந்தியிருந்தன.

கோ ச்சோ மின் மிகப் பெரியதன் முதுகைத் தட்டினார்:
"ஐயாயிரம் வாட், அக்கா. வீடே ஜொலிக்கும்."
வீடு ஜொலிக்க வேண்டாம் எனக்கு.
உளுந்து அரைபட வேண்டும்.

மாவுப் பாக்கெட் அட்டையின் பின்பக்கம்
எழுதி வைத்திருந்தேன்:
கிரைண்டர் முன்னூற்று எழுபது;
கல் அசையும் முதல் நொடியில் மட்டும்
ஆயிரத்து நூறு கேட்கும்.
ஃபிரிட்ஜ் நூற்று ஐம்பது.
ஃபேன் அறுபது.

பெட்டியில் பெரிதாய் எழுதியிருப்பது
ஒரு மூச்சில் தூக்குகிற கனம்.
சிறிதாய் எழுதியிருப்பதுதான்
சுமந்து நடக்கிற கனம்.
நான் சிறிய எழுத்தைப் படித்தேன்.
ஆயிரத்து அறுநூறு.
போதும்.

"இதையும் கொண்டு போங்கள்" என்று
இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றை நீட்டினார்.
சுவரில் செருகினால் எல்லா அறையும் எரியுமாம்.
எரியும்.
அப்படியே வெளியேறித் தெருக் கம்பத்துக்கும் போகும்.
அங்கே, லைன் செத்துவிட்டது என்று நம்பி
ஒருவன் வெறுங்கையோடு நிற்பான்.
வேண்டாம் என்றேன்.

இருபத்தொன்பதாம் தெரு, மூன்றாம் மாடி.
பால்கனியில் வைக்கச் சொன்னான் என் மகன் குகன்.
போன ஆவணியில் ஆறாம் மாடிக்காரர்கள்
மழைக்குப் பயந்து
குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.
காலையில் இரண்டு பேர் தலைவலி என்றார்கள்.
மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே பின்சந்தில்,
தகரக் கூரையின் கீழ்,
யார் ஜன்னலுக்கும் வாய் காட்டாமல்,
சாக்கடைக் குழாயோடு சங்கிலி போட்டுக் கட்டினேன்.
ஒயர் மட்டும் மாடி ஏறி வந்தது.

ஒன்பதிலிருந்து ஒன்று வரை
கரண்ட் இருக்கும் என்பார்கள்.
பத்தே காலுக்குப் போகும்.
அரைபடாத உளுந்து கல்லில் கிடந்து
என்னைப் பார்க்கும்.
அந்தப் பார்வை இப்போது இல்லை.

இரண்டாம் மாடி டோ ஏ மியிண்
மாவு வாங்க வந்தார். இரண்டு பாக்கெட்.
மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும்.
தோசை சுடவே தெரியாதவர்.
காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
சந்திலிருந்து ஏறும் ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை கீழே போனேன்.
கதவு திறந்திருந்தது.
ஊ சோ லின் சுவரில் சாய்ந்து
மூச்சைப் படி ஏற்றுவது போல் ஏற்றிக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின், கரண்ட் இல்லாமல்,
முக்காலிக்குச் சமமாய்.

அதன் முதுகில் எழுதியிருந்தது: முன்னூற்று ஐம்பது.

அட்டையை மறுபடி எடுத்தேன்.
கல் கிளம்பும் நொடியில்
ஆயிரத்து அறுநூற்று அறுபது.
அறுபது அதிகம்.
ஃபேனைக் கழற்றினேன்.
இப்போது ஒரு வாட் மிச்சமில்லை;
கிரைண்டரும் அவர் மிஷினும்
ஒரே நொடியில் எழுந்தால் இரண்டும் விழும்.

சாமான் ஏற்றுகிற என் பால்கனிக் கயிறு
அவர்கள் ஜன்னலைத் தாண்டித்தான் இறங்கும்.
அதில் மணி ஏற்கனவே இருந்தது.
ஒன்று அடித்தால்: நான் அரைக்கப் போகிறேன்.
இரண்டு அடித்தால்: பொறு, அவருக்கு முட்டுகிறது.

பொறுத்திருக்கிறேன். வியர்வையோடு,
சுவிட்சில் கை வைத்தபடி,
சிலநாள் அரைமணி நேரம்.
எரிச்சல் வராமல் இல்லை.
ஒருநாள் நூறு பாக்கெட் ஆர்டர் போனது;
கயிற்றை அறுத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

நேற்று இரவு பதினொன்றரைக்கு
தெருவெல்லாம் கத்தியது: "மீ லா ப்யீ!"
இந்த ஊரில் நெருப்புக்கும் கரண்டுக்கும்
ஒரே சொல், மீ.
எது வந்தாலும் பிள்ளைகள் ஒரே மாதிரி குதிக்கும்.

ஒயரை உருவிவிட்டுச் சந்துக்கு இறங்கினேன்.
பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தேன்,
உள்ளே மிச்சமிருப்பதைக் குடித்துத் தானாக அடங்கட்டும் என்று.
தேங்கிய பெட்ரோல் அடுத்த முறை கழுத்தைப் பிடிக்கும்.
இருமி, இருமி, நின்றது.

அந்த அமைதியில், முன்தெருவில்,
மணி.
மூன்று முறை.

மூன்றுக்கு நாங்கள் பொருள் வைத்திருக்கவில்லை.

ஓடினேன்.
கயிற்று நுனிக் கிளிப்பில் ஒரு பை,
என் தலை உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
உள்ளே ஒரு தோசை.
ஒரு பக்கம் கரி,
மறுபக்கம் வேகவில்லை.
உப்பும் போடவில்லை.

கையில் பெட்ரோல் நாற்றம்.
இடது கையால் தின்றேன்.